விருந்தாளியின் தயக்கம்

கிறிஸ்தவம் என்றவுடன் நம் எழுத்தாளர்களுக்கு நினைவில் எழுவது ஓர் ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம், வெள்ளை உடுப்பில் ஒரு கன்னியாஸ்திரீ. பாராட்ட விரும்புகிறவர் இதையே அன்பு என்கிறார். சமீபத்தில் பேசிக்கொண்டிருந்த நண்பரொருவர், பாராட்ட விரும்பாதவர், இதையே ஆள் பிடிக்கிற தந்திரம் என்றார். இந்த இரு தரப்பாருக்குள்ளும் அடிப்படையில் சண்டையே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அன்பு என்றால் இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது என்பதை இருவருமே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கொடுக்கிறவனின் நோக்கம் சுத்தமா அசுத்தமா என்பதில்தான் வழக்கு. பிரசங்கபீடத்திலிருந்து நான் சிறு வயது முதல் கேட்டு வந்ததும் இதே அர்த்தம்தான். இது கிறிஸ்தவ போதனையின் மேல்தோல், உள்ளே இதைவிடச் சங்கடமான ஒன்று இருக்கிறது என்பது என் கட்சி. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது பதினெட்டு வரிகள் கொண்ட ஓர் ஆங்கிலக் கவிதை. அந்தக் கவிதையையும் அதை மனப்பாடமாக வைத்திருந்த ஒரு பெண்ணையும் பற்றிப் பேசுமுன் ஒன்றிரண்டு சொற்களைப் பார்த்துவிட வேண்டும்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் அன்பைப் பற்றியது. கிரேக்க மூலத்தில் வரும் சொல் 'அகாபே'. வில்லியம் டிண்டேல் 1526இல் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் இதை 'லவ்' என்று பெயர்த்தார். தாமஸ் மோர் 1529இல் இதைக் கடுமையாகக் கண்டித்தார். 'லவ்' எல்லா ஆசைக்கும் பொதுவான சொல்; நல்லதாகிய அன்பை மட்டும் குறிக்க 'சாரிட்டி' என்ற சொல் இருக்கிறதே என்பது அவர் வாதம். 1611இன் ஜேம்ஸ் அரசர் பதிப்பு இந்த அதிகாரத்தில் மோரின் சொல்லையே எடுத்துக்கொண்டது. ஆனால் அடுத்த இரண்டரை நூற்றாண்டில் 'சாரிட்டி' சுருங்கி தருமம், பிச்சை என்றாகிவிட்டது. 1881இல் வந்த திருத்திய பதிப்பு மீண்டும் 'லவ்' என்பதற்கே திரும்ப வேண்டி வந்தது. உயர்ந்த அன்புக்கென்று ஒதுக்கி வைத்த சொல் உண்டியலில் போய் விழுந்தது. சொல்லின் இந்தச் சரிவு தற்செயலானதென்று நான் நினைக்கவில்லை. அன்பைக் கொடுப்பதாக மட்டும் புரிந்துகொண்ட சமூகம், அன்புக்கான சொல்லையும் அந்த அளவுக்கே வெட்டிக்கொள்கிறது.

இன்னொரு சொல், நம் மொழியில். தன்னைப்போல் நேசிக்க வேண்டியவன் யார் என்பதற்கு, கிரேக்கத்தில் 'பக்கத்தில் இருப்பவன்' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. நம் பழைய புரொட்டஸ்டன்ட் வேதாகமம் இதைப் 'பிறன்' என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'அடுத்திருப்பவர்' என்கிறது. மூலச் சொல்லுக்கு நெருக்கமானது பின்னதுதான், சந்தேகமில்லை. ஆனால் குறள் படித்த காதில் 'பிறன்' என்பவன் நானல்லாதவன், என் வேலிக்கு அப்பால் நிற்பவன். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அந்தச் சொல்லில் ஒரு முள் இருக்கிறது. புதிய சொல்லில் அது மழுங்கிவிட்டது.

இந்த முள் எங்கே குத்துகிறது என்பதற்கு லூக்கா சுவிசேஷத்துச் சமாரியன் கதையைப் பார்க்க வேண்டும். நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுவிடம், நான் நேசிக்க வேண்டிய அந்தப் பிறன் யாரென்று கேட்கிறான். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிறவன் கள்ளர் கையில் அகப்படுகிறான். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள். யூதர்கள் சேர்த்துக்கொள்ளாத சமாரியன் காயம் கட்டிச் சத்திரத்தில் சேர்க்கிறான். நாமெல்லோரும் இதைச் சமாரியனாக இரு என்ற உபதேசமாகவே கேட்டிருக்கிறோம். கதையின் முடிவில் இயேசு அவனைப் போய் அப்படியே செய்யச் சொல்வதும் உண்மை. ஆனால் அதற்கு முன் கேள்வியே திருப்பப்படுகிறது. அடிபட்டவனுக்குப் பிறனாயிருந்தது யார் என்று இயேசு கேட்கிறார். பிறன் என்பவன் உதவி பெற்றவனல்ல, உதவி செய்த சமாரியன். அப்படியானால் பிறனை நேசி என்ற கட்டளையைக் கேட்டுக்கொண்டிருக்கும் யூத சாஸ்திரியின் இடம் எது? குற்றுயிராய் வழியில் கிடக்கிறவனின் இடம். தான் தொடக் கூசுகிற ஒருவனின் கையால் எண்ணெயும் திராட்சரசமும் தன் காயத்தில் வார்க்கப்படச் சம்மதிக்க வேண்டிய இடம். பதில் சொல்லும்போது அவன் சமாரியன் என்ற சொல்லை உச்சரிக்காமல் இரக்கம் செய்தவன் என்று சுற்றி வளைப்பதைக் கவனிக்க வேண்டும். அவனுக்குப் புரிந்துவிட்டது.

யோவான் சுவிசேஷத்திலும் இதே ஒழுங்குதான். ஒருவரிலொருவர் அன்பாயிருக்கச் சொல்லும் புதிய கட்டளை பதின்மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் இயேசு சீஷர்களின் காலைக் கழுவுகிறார். பேதுரு காலை நீட்ட மறுக்கிறார். அவருக்குக் கிடைக்கும் பதில் கடுமையானது: கழுவ விடாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை. கழுவச் சொல்லிக் கட்டளையிடுமுன் கழுவப்படச் சம்மதம் கேட்கப்படுகிறது. பேதுருவின் மறுப்பு நமக்குப் பணிவாகத் தெரிகிறது. இயேசுவுக்கு அது அப்படித் தெரியவில்லை.

இனி கவிதை. ஜார்ஜ் ஹெர்பர்ட் 1593இல் வேல்ஸில் மான்ட்கமரியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வப் பேச்சாளராக 1620இல் நியமிக்கப்பட்டு, அரசவைப் பதவியை எட்டக்கூடிய தூரத்தில் இருந்தவர். 1630இல் ஸாலிஸ்பரிக்குப் பக்கத்தில் பெமர்டன் என்ற சிற்றூரில் குருவானவராகப் போய்ச் சேர்ந்தார். மூன்று வருஷங்கூட நிறையவில்லை. 1633இல், நாற்பது வயதாகுமுன் இறந்தார். சாகுமுன் தன் கையெழுத்துப் பிரதியை நிக்கலஸ் ஃபெரருக்கு அனுப்பி, மனமொடிந்த யாருக்காவது உதவுமென்றால் அச்சிடு, இல்லையேல் எரித்துவிடு என்று சொல்லியனுப்பியதாக ஐஸக் வால்டன் எழுதியிருக்கிறார். ஃபெரர் எரிக்கவில்லை. அதே 1633இல் 'தி டெம்பிள்' வெளிவந்தது. அதன் நடுப்பகுதியான 'தி சர்ச்'சின் கடைசிக் கவிதை, 'லவ்' என்ற ஒரே தலைப்பில் அவர் எழுதியவற்றில் மூன்றாவது, நான் சொல்லும் கவிதை.

எலியட்டின் 1921 கட்டுரை வழியாக நம் வட்டத்துக்கு வந்து சேர்ந்தவர் டன்தான். ஹெர்பர்ட் டன்னின் நிழலில் நிற்கும் பக்திக்காரராகவே நமக்குப் படுகிறார். எலியட்டே ஹெர்பர்ட்டைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூல் எழுத 1962 வரை ஆயிற்று. டன்னின் வரியில் புத்தி முறுக்கேறி நிற்பது தெரியும். ஹெர்பர்ட்டில் முறுக்கு உள்ளே போய்விடுகிறது. இந்தக் கவிதையில் நடப்பது ஓர் உபசாரச் சச்சரவு. அன்பு என்பது ஒரு விடுதிக்காரரைப்போல வாசலில் நின்று ஒருவனை உள்ளே கூப்பிடுகிறது. வந்தவன் தயங்குகிறான். என்ன குறை என்று அன்பு கேட்கிறது. இங்கே இருக்கத் தகுதியுள்ள விருந்தாளிதான் குறை என்கிறான். அது நீயே என்று பதில் வருகிறது. அவன் ஒவ்வொரு காரணமாக எடுத்து வைக்கிறான்: நன்றி கெட்டவன், முகத்தைப் பார்க்கக்கூட முடியாதவன், கொடுக்கப்பட்ட கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். ஒவ்வொன்றுக்கும் அன்பு, கண்டிக்காமல், கொஞ்சம் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறது. கடவுள் என்றோ கிறிஸ்து என்றோ கவிதையில் ஓரிடத்திலும் இல்லை. ஆண்டவரே என்று விருந்தாளி கூப்பிடுவது மட்டும் இருக்கிறது.

இதில் என்னை நிறுத்தியது அவனுடைய கடைசிக் காரணம். தன் பழியைச் சுமந்தவர் யாரென்று நினைவூட்டப்பட்ட பிறகு அவனுக்கு மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அப்போது அவன், சரி, நான் பரிமாறுகிறேன் என்கிறான். பிரசங்கபீடம் இதோடு கவிதையை முடித்துக்கொண்டு ஆமென் சொல்லியிருக்கும். பாவி மனந்திரும்பி ஊழியக்காரனானான், வேறென்ன வேண்டும்? ஹெர்பர்ட் விடவில்லை. அன்பு அந்த ஊழியத்தையும் வேண்டாமென்கிறது. நீ உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும் என்கிறது. தகுதியின்மை, வெட்கம், குற்றம் எல்லாம் போன பின்னும் அகங்காரம் ஒளிந்துகொள்ள மிச்சமிருந்த கடைசி அறை தொண்டு என்பதை ஹெர்பர்ட் கண்டுகொண்டார். பரிமாறுகிறவன் நின்றுகொண்டிருக்கலாம், கடன்பட வேண்டியதில்லை. உட்கார்ந்தவன் கடன்பட்டவன். நாள் முழுவதும் பேரேட்டோடு இருக்கும் எனக்கு இது உடனே பிடிபட்டது. வாங்கிக்கொண்டவன் பெயரில் நாங்கள் எழுதுவது பற்று. அந்தப் பக்கத்தில் தன் பெயரைப் பார்க்க யாரும் விரும்புவதில்லை.

கவிதையின் கடைசி வரியில் ஆறே சொற்கள், ஆறும் ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள். அவன் உட்கார்ந்தான், சாப்பிட்டான். மகிழ்ந்தான் என்றோ அழுதான் என்றோ இல்லை. அன்பு பரிமாறுவதைக் குறிக்கும் சொல் இன்றைய ஆங்கிலத்தில் இறைச்சி. பதினேழாம் நூற்றாண்டில் அது பொதுவாக உணவு. ஆனால் கிறிஸ்துவின் சரீரமென்று கொடுக்கப்படும் அப்பத்தின் முன் நின்ற ஒரு குருவானவருக்கு இரண்டு அர்த்தமும் காதில் விழாமல் இருந்திருக்காது.

ஏனெனில் இந்த மேஜை நற்கருணை மேஜை. ஹெர்பர்ட் கையிலிருந்த ஆங்கிலிகன் பொது ஜெபப் புத்தகத்தில், திருவிருந்துக்கு வராமல் பின்தங்குகிறவர்களை நோக்கி ஓர் எச்சரிப்பு உண்டு: ஒருவன் விருந்து சமைத்து, மேஜை அலங்கரித்து, விருந்தாளி மட்டும் வரவில்லையென்றால் அவன் மனம் எப்படி நோகும் என்று அது கேட்கிறது. அதே ஆராதனையில் சற்றுப் பின்னால், மேஜைக்குக் கீழே விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் தகுதியற்றவர்கள் என்ற ஜெபமும் உண்டு. கவிதை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த ஆங்கிலிகன் சபைகள் இந்தப் புத்தகத்தில் வளர்ந்தவை. என் வீடும் அப்படிப்பட்ட ஒரு வீடு. இந்த ஜெபத்தை அர்த்தம் தெரியுமுன்பே நான் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். பிறகு நம்பிக்கை போயிற்று. மேஜைக்குப் போவதை நிறுத்தி வெகு காலமாயிற்று. ஆகவே இந்தக் கவிதையை வெளியாளாகவும் உள்ளாளாகவும் படிக்க வேண்டிய நிலை எனக்கு.

நம்பாதவன் நம்பிக்கையின் கவிதையை ரசிக்கலாமா என்ற கேள்வியை எலியட் தன் தாந்தே கட்டுரையில் (1929) எழுப்பினார். அதைக் கருத்தளவில் விவாதிப்பதைவிட ஒரு மனிதரைக் காட்டுவது பயனுள்ளது. ஸிமோன் வெய்ல் 1909இல் பாரிஸில், மதப் பற்றில்லாத யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தத்துவ ஆசிரியை. 1934-35இல் தொழிற்சாலைகளில் கூலியாக வேலை செய்து பார்த்தவர். தீராத தலைவலிக்காரர். 1938இல் பரிசுத்த வாரத்தில் ஸொலெம் மடத்துக்குப் போனபோது அங்கே ஓர் ஆங்கில இளைஞரைச் சந்தித்தார். நற்கருணை வாங்கித் திரும்பிய அந்த இளைஞரின் முகத்திலிருந்த ஒளிதான் சடங்கின் சக்தியைப் பற்றித் தனக்குக் கிடைத்த முதல் எண்ணம் என்று வெய்ல் பிற்பாடு எழுதினார். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிகளைப் பற்றிச் சொன்னதும் அந்த இளைஞரே. அப்படித்தான் ஹெர்பர்ட்டின் இந்தக் கவிதை வெய்லுக்குக் கிடைத்தது. தலைவலி உச்சத்தில் இருக்கும்போதெல்லாம் அதை மனப்பாடமாகச் சொல்வாராம். அழகான கவிதை என்று நினைத்துத்தான் சொன்னார். தனக்குத் தெரியாமலே அது ஜெபமாகிவிட்டதென்றும், அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வேளையில் கிறிஸ்துவே தன்னிடம் வந்தாரென்றும், 1942இல் பெரின் பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். விமர்சனத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு கவிதை இதைவிட முழுமையாக வாசிக்கப்பட்டதற்கு எனக்கு வேறு உதாரணம் தெரியாது.

அதன் பின் நடந்ததுதான் பிரச்னை. அதே வருஷத்துக் கடிதங்களில் வெய்ல் தான் ஞானஸ்நானம் பெறாததற்குக் காரணம் சொல்கிறார்: சபைக்கு வெளியே விடப்பட்டவை இத்தனை இருக்கும்போது தான் மட்டும் உள்ளே போக முடியாது. பார்ப்பதும் உண்பதும் வேறு வேறு காரியங்களாக இருப்பதே மனித வாழ்வின் பெரிய துக்கமென்று எழுதிய அவர், நற்கருணையைப் பார்ப்பதோடு நின்றார். 1943இல் லண்டனில் காசநோய் கண்டு படுத்தபோது, ஜெர்மன் பிடியிலிருந்த பிரான்ஸில் ஜனங்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம் உண்ண மாட்டேனென்றார். அந்த ஆகஸ்ட் 24ஆம் தேதி ஆஷ்போர்டு காசநோய் மருத்துவமனையில் இறந்தார். வயது முப்பத்துநான்கு. மனநிலை பிறழ்ந்த நிலையில் உண்ண மறுத்துத் தன்னைத் தானே கொன்றுகொண்டார் என்பது மரண விசாரணை அதிகாரியின் தீர்ப்பு.

சாப்பிட்டான் என்ற சொல்லில் முடியும் கவிதையை உயிருக்குயிராக வைத்திருந்தவர் சாப்பிட மறுத்துச் செத்துப்போனார். இதைப் புனிதம் என்கிறவர்கள் கவிதையைப் படிக்கவில்லை. நோய் என்கிறவர்கள் வெய்லைப் படிக்கவில்லை. எனக்கு இது கவிதையின் மேல் வைக்கப்பட்ட ஒரு கேள்வியாகப் படுகிறது: ஹெர்பர்ட்டின் மேஜையில் ஏன் ஒரே ஒரு விருந்தாளி? மற்றவர்கள் எங்கே? பவுலுக்குத் தெரிந்த மேஜை அப்படியில்லை. அன்பு அதிகாரத்துக்கு இரண்டு அதிகாரம் முன்னால் கொரிந்துச் சபையின் விருந்தைப் பற்றிய கண்டனம் இருக்கிறது: ஒருவன் வெறித்திருக்கிறான், இன்னொருவன் பசித்திருக்கிறான். கல்யாணங்களில் வாசிக்கப்படும் அந்த அழகான அதிகாரம் ஒரு பந்திச் சண்டையின் நடுவே எழுதப்பட்டது.

பந்தி என்ற சொல் வந்தவுடன் தமிழ் கிறிஸ்தவனுக்கு 1833 நினைவு வராமல் முடியாது. அந்த வருஷம் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பினார். கோயிலில் தனித்தனி இடம், நற்கருணை மேஜைக்கு வருவதில் முன்பின் வரிசை என்பதெல்லாம் அதுவரை நடந்துகொண்டிருந்தவை. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் சபையை விட்டு விலகினார்கள். இந்தச் சாதி வழக்கில் மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், தமிழ் கிறிஸ்தவ பக்திக்கு மொழி கொடுத்தவர். அவர் அன்பை அறியாதவர் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கொடுக்கும் அன்பை அறிந்த ஒருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொள்வது முடியாமற் போகலாம் என்பதே விஷயம். நம் சமூகத்தில் உணவு கீழ்நோக்கி எளிதாக இறங்கும், மேல்நோக்கி ஏறாது. எந்தத் தர்மவானையும் சோதிக்க அவன் யாருக்குப் போடுகிறான் என்று கேட்க வேண்டியதில்லை. யார் வீட்டில் சாப்பிடுவான் என்று கேட்டால் போதும்.

என் ஆச்சி கிறிஸ்துமஸுக்கு வாய்க்காலுக்கு அப்பாலிருந்த தெருவுக்கு முறுக்கும் அதிரசமும் கூடை கூடையாக அனுப்புவாள். ஆறேழு வயதில் நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், அதே கோயில்தான். பதிலுக்கு அங்கிருந்து ஒரு தூக்குச்சட்டியில் ஏதாவது வரும். ஆச்சி சிரித்த முகத்தோடு வாங்குவாள். பின்கட்டுக்குப் போனதும் அது கோழிக்குப் போகும். அதில் அவளுக்கு ஒரு முரண்பாடும் தெரிந்ததில்லை. அன்றிரவு ஜெபத்தில் அந்தத் தெருவையும் பெயர் சொல்லி நினைத்துக்கொள்வாள். பல வருஷம் கழித்து, வேலைக்குப் போன பிறகு, ஒரு காரியமாக அந்தத் தெருவுக்குப் போனேன். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். திரும்பி நடக்கையில் எனக்குள் ஒரு திருப்தி. ஆச்சி செய்யாததை நான் செய்துவிட்டேன் என்று. வாய்க்காலைத் தாண்டும்போதுதான் உறைத்தது, நான் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் காப்பியைக் குடித்ததையும் நான் அவர்களுக்குக் கொடுத்ததாகவே கணக்கெழுதிக்கொண்டேன். நான் பரிமாறுகிறேன் என்ற விருந்தாளிக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. அவன் வாய்விட்டுச் சொன்னான், அவ்வளவுதான்.

எனவே வெய்லின் கேள்வியை நான் கவிதைக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. கவிதையோடு சேர்த்துப் படிக்கிறேன். எல்லோரும் உட்காராத மேஜையில் தனக்கு மட்டும் இடம் வேண்டாமென்றது அன்பு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் உட்காரும் மேஜை ஒன்று உண்டானால், அங்கே முதலில் தேவைப்படுவது பரிமாறுகிற கையல்ல. பக்கத்திலிருப்பவன் போட்டதைக் கணக்கில்லாமல் உண்ணத் தெரிந்த ஒருவன். ஹெர்பர்ட் அந்த ஒருவனை மட்டும் எழுதினார். மேஜையின் மீதியை அவர் எழுதவில்லை. 1833இன் தஞ்சாவூரைப் பார்த்தால் அது இன்னும் எழுதப்படாமலே இருப்பது தெரியும்.

கோயிலுக்கு நான் எப்போதாவது போவதுண்டு. நற்கருணைக்கு வரிசை வரிசையாக எழுந்து போவார்கள். நான் பெஞ்சின் ஓரத்தில் காலை ஒதுக்கிக்கொண்டு வழிவிடுவேன். நம்பிக்கையில்லாதவன் நேர்மையாக வேறென்ன செய்ய முடியும் என்று வெகு காலம் நினைத்திருந்தேன். நம்பிக்கையில்லை என்பது இன்றும் உண்மை. ஆனால் அது முழுக் காரணமா என்பதில் இந்தக் கவிதையைப் படித்த பிறகு எனக்குச் சந்தேகம்.